பாத்து செய்ங்க

எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டதும் இல்லை. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். மேசை நாற்காலி முதல் சாக்பீஸ் வரை எது வாங்கினாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, அதில் குறைந்ததை எடுத்து, அதையும் கொஞ்சம் நறுக்கிய பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்புவேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, ஒளிப்பானேன். ஒருவர் சொன்ன விலைக்கு அப்படியே தலையாட்டிவிட்டு வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நறுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கத்தக் கூடாது, கெஞ்சவும் கூடாது. எல்லாம் பேசி முடிந்து எதிராளி அப்பாடா என்று மூச்சு விடுகிற நேரத்தில், ஃபோனை வைப்பதற்கு முன்னால், போகிற போக்கில் இரண்டே வார்த்தை: "பாத்து செய்ங்க." மறுநாள் வருகிற பில்லில் இன்னும் ஐந்து சதவீதம் குறைந்திருக்கும். பேசினதிலும் குறைத்துப் போடு, இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் உனக்கில்லை என்று அதற்கு அர்த்தம். எங்களுக்குச் சரக்குப் போடுகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். இருபத்தாறு வருஷத்தில் ஒருவர்கூட அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டதில்லை. அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சர்க்கரைக்காரர். இடது கால் கட்டைவிரலில் சின்னதாக ஒரு புண் வந்தது, செருப்பு கடித்துவிட்டது என்றார். மூன்றே மாதத்தில் முழங்காலுக்கு மேலே வரை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து இரண்டு நாள் அவர் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் நர்ஸ் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவருக்கு அடியில் பெட்பேனை வைத்துவிட்டுப் போனாள். அந்தத் திரைச்சீலை முழுசாக மூடாது. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் அந்த இடுக்கு வழியாகத் தெரிய உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வீட்டுக்குப் போனா, கதவச் சாத்திக்கிட்டு நானே பாத்ரூம் போகணும். அத மட்டும் செஞ்சு குடுத்துடு."

"அவ்வளவுதானே? நீங்க வர்றதுக்குள்ள ரெடியா இருக்கும்" என்றேன்.

அவர் முப்பது வருஷம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு டீக்குச் சில்லறை வாங்கிக்கொண்டு போகிற மனிதர். முதல் தடவையாகக் கேட்டது இதுதான்.

எங்கள் வீட்டுக் குளியலறையின் வாசல் இரண்டடி அகலம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலி இரண்டடி இரண்டங்குலம். வாசலில் அரையடி உயரத்துக்குப் படி, உள்ளே தரையோடு தரையாகக் குத்தவைத்து உட்காருகிற பழைய கோப்பை. ஆக, வாசலை மூன்றடியாக்கி, படியை உடைத்துச் சரிவு போட்டு, கமோடு வைத்து, இரண்டு பக்கமும் பிடித்து எழுந்திருக்கக் கம்பி அடிக்க வேண்டும். பத்து நாள் வேலை. அவர் டிஸ்சார்ஜ் ஆகப் பதினெட்டு நாள் இருந்தது.

அவர் வருவதற்குள் அது ரெடியாகவில்லை. மூன்று கொட்டேஷன் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. முதலில் வந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும் பரணைப் பார்த்தார், தரையில் காலால் இரண்டு உதை உதைத்துப் பார்த்தார், எழுபதாயிரம் என்றார். பகல் கொள்ளை என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஆள் ஐம்பத்தைந்து என்றார். மூன்றாவது ஆள் கிடைப்பதற்குள் என் வீட்டுக்காரர் கூடத்துக் கட்டிலில் வந்து படுத்தாயிற்று. காலையில் நாலு தெரு தள்ளியிருக்கும் என் தம்பி வேலைக்குப் போகும் முன் வந்து அவரைத் தூக்கித் துடைத்துவிடுவான். மற்ற நேரத்துக்குக் கட்டிலுக்கடியில் பெட்பேன். அதே பெட்பேன்தான், ஆரஞ்சு தின்கிறவர்கள் மட்டும் இல்லை.

மூன்றாவதாக வந்தவர்தான் கொத்தனார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். அவரும் அவர் சம்சாரமுமாகச் சேர்ந்தே வேலை செய்கிறவர்கள். மற்ற இரண்டு பேரும் என்னோடுதான் பேசினார்கள். இவர் நேராகக் கட்டிலருகே போய் உட்கார்ந்து, "ஐயா, எந்தக் கையில பலம் அதிகம்?" என்று கேட்டார்.

"ரெண்டுமே ஸ்டியரிங் புடிச்ச கைதான்" என்றார் என் வீட்டுக்காரர். "உசரம் மட்டும் சரியா இருந்தாப் போதும், என் உடம்ப நானே தூக்கிக்குவேன்."

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, எழுகிற மாதிரி ஊன்றச் சொல்லி, டேப்பை வைத்து வைத்து அளந்தார்கள். இரண்டு பேரும் ஏதோ பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற மாதிரி அப்படி ஒரு பேச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடியது. நான் வாசல்படியில் நின்று விலையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தைந்து என்றார். நான் முப்பத்தெட்டில் ஆரம்பித்து நாற்பதில் கொண்டுவந்து நிறுத்தினேன். "நிலை, கதவு, கமோடு, டைல்ஸ், கம்பி, கூலி, எல்லாம் சேத்து நாப்பது. அப்புறம் அது இதுன்னு வந்து நிக்கக் கூடாது" என்றேன். தலையாட்டினார். அட்வான்ஸ் பதினைந்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டருகே போனார். பழக்கதோஷம், என் வாய் தானாகத் திறந்தது.

"பாத்து செய்ங்க."

அவர் நின்றார். திரும்பிக் கூடத்துப் பக்கம், கட்டிலில் இருந்தவரை ஒரு தடவை பார்த்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. பாத்து செய்றேன்" என்றார்.

சரி, முப்பத்தெட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

வேலை ஆரம்பித்த பிறகு நான் லீவு போடவில்லை. லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்திருந்தது. காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் வருவேன். வரும்போது கொத்தனாரும் சம்சாரமும் கருவிகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். வீடு முழுக்கச் சிமெண்ட் தூசி. குளியலறைக்குள் ஒரே பள்ளமும் செங்கல்லுமாகக் கிடக்கும், எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் மட்டும் உற்சாகமாக இருந்தார். வேலை நடக்கிற பக்கமாகத் தலையணையை மாற்றி வைத்துப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் சாயந்தரம் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, "உள்ள நாம நெனச்சதுக்கு மேல வேல இருக்கும்போல" என்று இழுத்தார். "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்றேன். அதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அரைநாள் அலுவலகம். மதியம் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கொத்தனார் ஒரு காகிதத்தை நீட்டினார். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். வரிசையாக எழுதி, அடியில் கோடு போட்டு, அறுபத்திரண்டாயிரம்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஆனாலும் கத்தவில்லை. அலுவலகத்துக் குரலில்தான் கேட்டேன்.

"நாப்பதுன்னு பேசினோம்."

"ஆமாம்மா."

"இது என்ன?"

அவர் என்னைக் குளியலறைப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். பழைய வாசலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற லிண்டல் இரண்டடி வாசலுக்குப் போட்டது, மூன்றடியாக்கினால் தாங்காது, மேலே பரணும் தொட்டியும் இருக்கிறது, அதனால் முட்டுக் கொடுத்து இறக்கிவிட்டுப் புதிதாக நாலரை அடிக்குப் போட்டேன் என்றார். படியை உடைத்தால் அடியில் கழிவுக் குழாய் வெடித்துப்போய் மண்ணெல்லாம் சேறாகக் கிடந்தது, அப்படியே மூடினால் ஆறு மாதத்தில் தரை உள்வாங்கிவிடும், வெளியே கழிவுத்தொட்டி வரைக்கும் குழாயை மாற்றிவிட்டேன் என்றார். கைதவறிப் போட்ட பூசணிக்காய் மாதிரி பிளந்திருந்த குழாய்த் துண்டு ஒன்றைச் சாட்சிக்கு எடுத்துவைத்திருந்தார்.

"எவன் வீட்டுக் கொழாயோ, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "நீங்கதானேம்மா பாத்து செய்ங்கன்னு சொன்னீங்க? பாத்தேன். இருந்துச்சு. செஞ்சேன்."

"பாத்து செய்ங்கன்னா கொறச்சுச் செய்ங்கன்னு அர்த்தம். கூட்டிச் செய்ங்கன்னு இல்ல."

"பாத்து செய்ங்கன்னா பாத்து செய்ங்கன்னுதாம்மா அர்த்தம்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கு அது கிண்டலாகத்தான் கேட்டது.

"சரி, இவ்வளவு ஆகும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யணுமா இல்லையா? யாரக் கேட்டீங்க?"

அவர் வாயைத் திறந்தார். கூடத்துப் பக்கம் பார்த்தார். மூடிக்கொண்டார்.

கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "இங்க கொஞ்சம் வாயேன். ஒரு நிமிஷம். நான்தான் அவருகிட்ட..."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது!" என்று இங்கிருந்தே கத்தினேன். அவரால் எழுந்து வர முடியாது. வர முடிந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்தாவது சொல்லியிருப்பார்.

அதன் பிறகு நான் பேசியதெல்லாம் நாக்கில் எலும்பில்லாத பேச்சு. படுத்துக் கிடக்கிற ஆளைப் பார்த்ததும் இவர்களை எப்படி வேண்டுமானாலும் மொட்டையடிக்கலாம் என்று நினைத்துவிட்டீர்களா என்றேன். என் தலையில் மிளகாய் அரைக்க நீங்கள் இன்னொரு பிறவி எடுத்து வர வேண்டும் என்றேன். கடைசியில், "இதுக்குப் பேரு வேல இல்ல, திருட்டு. வீட்டுக்குள்ள வந்து பட்டப்பகல்ல திருடறது" என்றேன். அவர் சம்சாரம் ஒரு சட்டி மணலோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். பிறகு சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கருவிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"வேலைய நிறுத்துங்க" என்றேன். "பேசின நாப்பதுக்கு முடிச்சுக் குடுக்கறதா இருந்தா வாங்க. இல்லைன்னா வராதீங்க."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் அலுவலகத்தில் இதைக் கிடப்பில் போடுவது என்போம். அதிகமாக பில் போடுகிறவனோடு சண்டை வேண்டாம். பேசாமல் கிடப்பில் போட்டால் போதும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், அவனே இறங்கி வந்துவிடுவான். இதுவரை வராதவன் கிடையாது. ஆனால் அலுவலகத்தில் சரக்கு வராமல் போனால் இன்னும் பத்து நாள் பழைய நாற்காலியில் உட்காருவார்கள். என் வீட்டில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கோப்பையைப் பெயர்த்தாயிற்று, கமோடு அட்டைப்பெட்டியிலேயே நடையில் நின்றது. தரை வெறும் மண். கதவும் நிலையும் கிடையாது. ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு நான் மட்டும் பலகை போட்டுக் குளித்தேன், அவசரத்துக்குத் தம்பி வீடு. மூன்றடி அகலத்துக்கு வாசல் நன்றாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது, நாற்காலி தாராளமாக நுழையும். உள்ளே போனால் உட்கார ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் பார்த்தேன். அவர் வரவில்லை. ஐம்பத்தைந்து கேட்ட இரண்டாவது ஆளைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "இன்னொருத்தர் பாதியில விட்ட வேலையில நான் கை வைக்க மாட்டேன்" என்று போய்விட்டார். போகும்போது மேலே பார்த்து, "லிண்டல் நல்லாப் போட்டிருக்காரு" என்று வேறு சொன்னார்.

"அக்கா, குடுத்துத் தொலையேன். இருபத்திரெண்டுதானே? நான் தர்றேன்" என்றான் தம்பி.

"எங்கிட்ட இல்லாம இல்லடா. இன்னைக்கு விட்டுட்டா எல்லாருக்கும் எளக்காரமாயிடும்."

"எந்த எல்லாருக்கும்? இங்க மாமாவும் நீயும்தானே இருக்கீங்க?"

அவனையும் திட்டி அனுப்பினேன்.

அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தலையணையைப் பழைய பக்கத்துக்கே மாற்றி வைத்துக்கொண்டார். காலையில் தம்பி வரும்போது ஒரு தடவை பெட்பேன். அப்புறம் சாயந்தரம் நான் வரும் வரைக்கும் தனியாள். சிறுநீருக்குப் பக்கத்தில் பாட்டில் வைத்துவிட்டுப் போவேன். மற்றதற்கு அடக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். தட்டில் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. கேட்டால் பசியில்லை என்பார். மனசு சரியில்லை, அதான், என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கொத்தனார் எப்போது வழிக்கு வருவார் என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. வாசலில் யாராவது செருப்பை உதறினாலும் கண்கொத்திப் பாம்பாக எட்டிப் பார்த்தேன்.

வேலை நின்ற பத்தொன்பதாம் நாள் சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. "அடுத்த ஸ்டாப்புல எறக்கிவிடுங்க" என்றார் என்னைப் பார்த்து. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் புரட்டிப் போட்ட பிறகுதான் முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இருந்த படுக்கைப் புண்ணை நான் முழுசாகப் பார்த்தேன். தோல் சிவந்திருக்கிறது என்று தம்பி சொன்னபோது பவுடர் போடச் சொன்னதோடு விட்டிருந்தேன். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது என்றாள்.

"தண்ணியே குடிக்கறதில்லையா இவரு?"

"குடிப்பாரே. ஜக் நெறைய வச்சுட்டுத்தான் போவேன்."

"வச்சுட்டுப் போனீங்க. குடிச்சாரா?"

காலையில் நான் ஊற்றிவைத்தது சாயந்தரம் அப்படியேதான் இருக்கும். பழைய தண்ணீர் வேண்டாம் என்று அதைக் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாக ஊற்றுவேன். பத்தொன்பது நாளும் அப்படித்தான் செய்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு பேனா குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள். குடித்தால் போக வேண்டியிருக்கும் என்று அவர் குடிக்காமல் கிடந்திருக்கிறார், சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். பாட்டிலைப் பிடிக்கக் கை நடுங்குவதும் கட்டிலை நனைத்துவிட்டு நான் வரும் வரை அதிலேயே கிடப்பதும் அவருக்குத்தான் தெரியும். கட்டில் நனைந்திருந்த இரண்டு நாள் நான் உச்சுக் கொட்டியிருக்கிறேன். அது எனக்கு நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் அவருக்கு நினைவு தெளிந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"கொத்தனாரத் திட்டாத. அவரு கேட்டாரு. ஐயா, மேல தாங்காது, கீழ வெடிச்சிருக்கு, என்ன செய்யன்னு எங்கிட்ட வந்து கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். பாத்து செய்யச் சொன்னாங்கன்னாரு. அப்ப செய்ங்கன்னுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு அவரு என்னக் காட்டிக் குடுக்கல பாத்தியா? நான்தான் சொன்னேன்னு அவரு சொல்லியிருந்தா நீ என்னத் திட்டியிருப்ப, அவரு தப்பிச்சிருப்பாரு."

"நீங்களாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? பத்தொன்பது நாள் இருந்துச்சே!" என்று அவரிடமும் பாய்ந்தேன். அந்த நிலைமையிலும் எனக்கு அப்படித்தான் வந்தது.

"சொல்ல வந்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழப் பிடிக்காமல் வராந்தாவுக்குப் போய்க் கொத்தனாருக்கு ஃபோன் போட்டேன்.

"வந்து முடிச்சுக் குடுங்க. நீங்க கேட்ட தொகையையே தர்றேன்."

"ஐயா எப்படி இருக்காரும்மா?" என்றார்.

"வந்து முடிங்க" என்று வைத்துவிட்டேன்.

தம்பி கதவைத் திறந்துவிட, நாலே நாளில் முடித்துவிட்டார்கள். பதினேழு நாள் கழித்து ஆம்புலன்ஸில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சிறுநீருக்குக் குழாய் போட்டு, கட்டிலோரம் ஒரு பை தொங்கியது. மற்றதற்கு டயபர். புண் ஆறும் வரை உட்கார வைக்கவே கூடாது என்றாள் டாக்டரம்மா. ஆறினால்தானே என்று நான் கேட்கவில்லை, அவள் முகத்திலேயே பதில் இருந்தது. சக்கர நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். கட்டிலுக்குப் போகிற வழியில்தான் குளியலறை. வெள்ளை டைல்ஸ், அகலக் கதவு, சின்னக் குழந்தைகூட உருட்டிக்கொண்டு போகிற மாதிரிச் சரிவு, அளந்த உயரத்தில் பளபளவென்று கம்பி. இவ்வளவு நன்றாகச் செய்த வேலையை நான் எந்தக் கான்ட்ராக்டரிடமும் பார்த்ததில்லை. அவரை ஸ்ட்ரெச்சரில் அதைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் கொத்தனார் கணக்கு முடிக்க வந்தார். தனியாகத்தான் வந்தார். அவர் சம்சாரம் என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். கட்டிலருகே போனவர், தொங்குகிற பையைப் பார்த்தார், சாய்த்து வைத்த நாற்காலியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். கொத்தனார் நடைப்பக்கம் வந்தார். நான் கவரை நீட்டினேன். அட்வான்ஸ் போக நாற்பத்தேழு.

எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்தி, மிச்சத்தை என்னிடமே நீட்டினார்.

"நாப்பதாவே இருக்கட்டும்மா. பேசினது பேசினபடி. இந்த இருபத்திரெண்ட வச்சுக்குங்க, ஐயா மருந்துக்கு ஆகும்."

"வேணாம். எடுத்துக்கிட்டுப் போங்க."

"பரவால்லம்மா. கொழாய் தெரிஞ்ச கடையில வாங்கினதுதான், காசு அப்புறம் குடுத்துக்கலாம். கூலி நாங்க ரெண்டு பேருந்தானே. என்னால விட்டுக் குடுக்க முடியும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுக்கொடுக்க முடியும் என்கிறார். விட்டுக்கொடுக்க முடிகிற தொகைக்கா நான் பத்தொன்பது நாள் பிடிவாதம் பிடித்தேன்? அது அவர் விட முடியாத பணமாக இருக்க வேண்டும். அவர் பிள்ளைகுட்டி பட்டினி கிடக்கிற பணமாக, எங்கள் இரண்டு பேரில் ஒருவர் செத்தே தீர வேண்டிய பணமாக இருந்திருக்க வேண்டும். இப்படி ஒரு கையால் எடுத்து நீட்டுகிற பணமாக இருக்கக் கூடாது.

"விட முடியும்னா அன்னைக்கே ஏன் விடல?" என்று கத்தினேன். "அன்னைக்கே விட்டிருந்தா என் வீட்டுக்காரரு இப்ப நாற்காலிய உருட்டிக்கிட்டுத் தானே போயிட்டு வந்துக்கிட்டு இருப்பாரு! ஏன் விடல?"

அவருக்குக் கோபம் வரவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க கேக்கலையேம்மா. கஷ்டமா இருக்கு, கொஞ்சம் கொறச்சுக்குங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா கொறச்சிருப்பேன். நீங்க எங்க கேட்டீங்க? எம் பொண்டாட்டி முன்னாடி திருடன்னுல்ல சொன்னீங்க. அதுக்கப்புறம் கொறச்சா, நான் திருடினது உண்மைன்னு ஆயிடாதா?"

இருபத்தாறு வருஷம் விலை பேசியிருக்கிறேன். குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மனிதரிடம் கேட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்பது கெஞ்சுவது என்று நினைத்திருந்தேன்.

பணத்தை அவர் சட்டைப்பையில் திணித்தேன். அவர் எடுத்தார், மறுபடியும் திணித்தேன். "உங்க கால்ல விழறேன், முழுசா வாங்கிக்கிட்டுப் போங்க. அறுபத்திரெண்டும் வாங்கிக்குங்க. வேணும்னா இன்னும் தர்றேன்" என்றேன். நிஜமாகவே குனிந்தேன். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து, "சரிம்மா, சரிம்மா" என்று பையைக் கையால் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனார். இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று போனார்.

சத்தத்தில் என் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"கொத்தனாரா?"

"ஆமா. கணக்கு முடிச்சுட்டுப் போறாரு."

"நான் அவசரப்பட்டு செய்ங்கன்னதுல உனக்குத்தான் நஷ்டம்" என்றார். குரல் தேய்ந்திருந்தது. இத்தனை நாளும் அவர் மனசில் கிடந்து அறுத்தது இதுதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. புண்ணும் இல்லை, பையும் இல்லை. "கடைசியில எவ்வளவுக்கு முடிச்ச?"

"நாப்பதுக்குத்தான்" என்றேன்.

"நெஜமாவா? அறுபத்திரெண்டு கேட்டாரே?"

"பேசினது நாப்பது. அதுக்கு மேல ஒரு பைசா குடுக்கலையே."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அடிப்பாவி" என்றார். "உங்கிட்ட எவன் தப்பிக்க முடியும்?"

சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கிக் கட்டில் ஆடியது. நானும் கூடச் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. சட்டென்று முகத்தைச் சுளித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சிரிக்க வைக்காத" என்றார். "முதுகு வலிக்குது."